டோல்கேட்டில் இறங்கி ஏறினோம்

"எறங்கறவங்க எல்லாம் எறங்கு! திரும்ப ஏறப்போறவங்களும் எறங்கு!"

டோல்கேட்டுக்குச் சற்று முன்னால் மணிக்கயிற்றை இழுத்துவிட்டுக் கண்டக்டர் கோவிந்தன் தினமும் காலையில் இப்படித்தான் கத்துவார். பஸ்ஸில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் சிரித்துக்கொண்டே இறங்குவோம்.

இறங்கியதும் நடை. நடை என்றால் சாதாரண நடையில்லை, ஓட்டத்துக்கு ஒரு படி குறைச்சல். ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொள்வார்கள். பெண்கள் சாப்பாட்டுத் தூக்கை இடுப்போடு அணைத்துக்கொள்வார்கள். பட்டணத்து எல்லைக்கல்லைத் தாண்டி, டீக்கடையைத் தாண்டி, ரோட்டோரம் ஒரு பூவரச மரம். அந்த மரத்தில் தகரப் பலகை அடித்திருக்கும். அதுதான் எல்லைக்குள் முதல் ஸ்டாப்பிங்.

நாங்கள் நடக்கிற நேரத்தில் பஸ் டோல்கேட்டில் நிற்கும். டைம் கீப்பர் தாளில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அது முடிந்து பஸ் பூவரச மரத்துக்கு வரும்போது நாங்களும் அங்கே நிற்போம். அதே பஸ், அதே கண்டக்டர், அதே சீட். வேறு டிக்கெட் வாங்கிக்கொண்டு உட்காருவோம்.

எல்லாரும் ஏறிய பிறகும் பஸ் கிளம்பாது. நாங்கள் எல்லாரும் ஜன்னல் வழியே பின்னால் திரும்பிப் பார்ப்போம். டோல்கேட்டிலிருந்து பாக்கியக்கா வந்துகொண்டிருப்பாள்.

அவளுக்கு இடது கால் யானைக்கால். ஒரு காலை எடுத்து வைத்து, மற்றதை இழுத்துக்கொண்டு வருவாள்.

"யக்கா, ஆனை வர்ற வரிக்கும் வண்டி நிக்கும். மெதுவா வா!" என்பார் கோவிந்தன்.

"ஆனை, ஆனைன்னு வாயால சொல்லினு கீறியே, ஒரு நாளாச்சும் ஒரு வாழப்பழம் வாங்கிக் குட்த்தியாடா?"

"வாழப்பழமா? உன் காலுக்குத் தனியா லக்கேஜ் டிக்கெட்டு போடணும்னு ரூலு கீது. நான் வுட்டுக்கினு கீறேன்."

"போடு ராசா, போடு. அப்பால நீயே தூக்கினு போயி கொடவுன்ல எறக்கி வச்சிட்டுப் போ."

பஸ்ஸே சிரிக்கும். அவள் படியில் வலது காலை வைப்பாள். கோவிந்தன் கை கொடுத்து ஏற்றிவிட்டு இரண்டு மணி அடிப்பார். கடல் காற்றில் கருவாட்டு வாசனை வரும். எனக்கு இன்றைக்கும் கருவாட்டு வாசனை வந்தால் அந்த இரட்டை மணிதான் காதில் கேட்கிறது.

ஓர் அணா

கடல் அரித்துக்கொண்டு போன தெருவைப் பற்றிப் போன வாரம் இந்தப் பத்திரிகையில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு எர்ணாவூரிலிருந்து ஒரு வாசகர், "அந்தக் காலத்தில் நீங்கள் எல்லாரும் டோல்கேட்டில் இறங்கி ஓடுவீர்களாமே, அது என்ன வேடிக்கை?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். வேடிக்கையாகத்தான் தொடங்கியது. முடிந்ததைச் சொல்ல எனக்கு இத்தனை வாரம் ஆயிற்று.

காரணம் இதுதான். திருவொற்றியூரிலிருந்து ராயபுரத்துக்கு ஒரே டிக்கெட்டாக வாங்கினால், எல்லை தாண்டுவதற்கென்று ஓர் அணா கூட. எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு டிக்கெட், அந்தப் பக்கம் ஒரு டிக்கெட் என்று பிரித்து வாங்கினால் அந்த அணா மிச்சம். ரோடு ஒன்று. பஸ்ஸும் ஒன்று. நடுவில் ஒரு கல்.

போக ஓர் அணா, வர ஓர் அணா. இன்றைக்குச் சின்னப் பிள்ளைகள் கேட்டால் சிரிப்பார்கள். அன்றைக்கு எங்கள் தெருவில் அந்த இரண்டணாவில்தான் ராத்திரி அடுப்பு எரிந்தது.

ரயிலில் போகக்கூடாதா என்று கேட்கலாம். ரயில் இருந்தது. ஆனால் வேலைக்குச் சங்கு ஊதுகிற நேரம் ஒன்று, ரயில் வருகிற நேரம் வேறொன்று. டிராம் ராயபுரத்துக்கு வடக்கே எங்களைத் தேடி வந்ததே இல்லை. உலகச் சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸுக்குப் பின்னால் பெரிய அடுப்பு மாதிரி ஒன்றைக் கட்டி, கரியைப் போட்டு ஓட்டினார்கள். மேடு வந்தால் நாங்கள் இறங்கித் தள்ள வேண்டும். முகமெல்லாம் கரியோடு வேலைக்குப் போய் நிற்போம். அப்போதுகூட அந்த எல்லைக் காசை விட்டுக்கொடுக்கவில்லை. காசும் கொடுத்து பஸ்ஸையும் தள்ளினோம்.

நான் அப்போது ராயபுரத்தில் கப்பல் சரக்கு ஏற்றி இறக்கும் ஒரு கம்பெனியில் மூட்டைக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். எட்டாவது வரைக்கும் படிப்பு. கையெழுத்து மட்டும் அச்சு மாதிரி இருக்கும். அந்தக் கையெழுத்துதான் பிறகு பாவம் செய்தது.

உட்கார்ந்து செய்கிற வேலை

பாக்கியக்கா எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தாள். நாற்பது வயது இருக்கும். அவள் புருஷன் படகில் சரக்கு ஏற்றுகிறவர். குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய வருஷத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. ஊர் காலியாகிக் கொண்டிருந்தபோது அவள் அவரைத் தூக்கி உட்கார வைத்துக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"நீ போகலையா அக்கா?" என்று கேட்டேன்.

"எங்க போறது? இவரத் தூக்கினு போறதுக்குள்ள சண்டையே முடிஞ்சி பூடும்" என்றாள்.

பிள்ளைகள் இல்லை. அவள் சம்பாத்தியம்தான் இரண்டு பேருக்கும். ராயபுரத்தில் ஒரு மிளகாய்க் கிடங்கில் காம்பு கிள்ளுகிற வேலை. நாள் முழுவதும் உட்கார்ந்து செய்கிற வேலை. கண் எரியும், தும்மித் தும்மி நெஞ்சு வலிக்கும். ஆனால் கால் தப்பித்தது. அந்தக் காலோடு நின்று செய்கிற வேலை எதுவும் அவளால் ஆகாது. அதிகமாக நடந்தால் தொடையில் நெறி கட்டி, குளிர்க் காய்ச்சல் வந்து, இரண்டு நாள் எழுந்திருக்க மாட்டாள்.

"பகவான் காலைக் கெடுத்துட்டு, குந்திக்கினு செய்ற வேலையைக் குட்த்தான். கணக்கு சரியாப்பூட்ச்சி" என்று அவளே சொல்வாள்.

கிடங்கு வாசலில் மேஸ்திரி பேர் கூப்பிடுவார். கூப்பிடும்போது ஆள் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. மாதத்தில் மூன்று நாள் அப்படி ஆனால் பேரை அடித்துவிடுவார்கள். ஆகவே பாக்கியக்காவுக்கு அந்த பஸ் வேண்டும். கோவிந்தன் நிறுத்தி வைக்கிற அந்தச் சில நிமிஷம் வேண்டும். டோல்கேட்டுக்கும் பூவரச மரத்துக்கும் நடுவில் உள்ள அவ்வளவு தூரம் அவள் கால் தாங்கும். அதற்கு மேல் தாங்காது.

ஒரு மழை நாளில் எல்லைக்கல்லுக்குப் பக்கத்தில் சேற்றில் வழுக்கி விழுந்துவிட்டாள். தூக்கு உருண்டு கஞ்சி ரோட்டில் ஓடியது. நாங்கள் தூக்கி உட்கார வைத்தோம். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். அவளை வீட்டுக்கு அனுப்பினோம். அந்த மாதத்தில் அது இரண்டாவது நாள்.

சாயந்திரம் போய்ப் பார்த்தேன். கால் வீங்கிப் பளபளவென்று இருந்தது. மஞ்சள் பற்று போட்டிருந்தாள்.

"இன்னும் ஒரு நாளு வுட்டா பேரை அட்ச்சிடுவான் தம்பி" என்றாள். அவள் குரலில் கிண்டல் இல்லாமல் நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அன்றைக்கே முடிவு செய்தேன். மனு எழுதுவது. எல்லைக் காசை எடுத்துவிட்டு, ஒரே பஸ்ஸுக்கு ஒரே நியாயமான டிக்கெட் போடச் சொல்லிக் கேட்பது.

கற்பூரம் காட்டிய மனு

வெள்ளிக்கிழமை காலையில் தலை முழுகிவிட்டு, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு, புதுத் தாள் வாங்கி வந்து உட்கார்ந்தேன். என் மனைவி செண்பகம் எண்ணெய் ஊற்றித் தர, விளக்கை ஏற்றினேன். மனு எழுத விளக்கேற்றினவன் இந்தச் சென்னையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எனக்கு மனு எழுதிப் பழக்கமில்லை. பிரார்த்தனை செய்து பழக்கம். வடிவுடையம்மன் சந்நிதியில் நின்றால் நான் ஒன்றையும் மறைக்க மாட்டேன். எனக்கு வேண்டியதையும் சொல்வேன், நான் செய்த தப்பையும் சொல்வேன், எனக்கு உதவியவன் பேரைச் சொல்லி அவன் நன்றாக இருக்க வேண்டும் என்றும் கேட்பேன். எனக்குத் தெரிந்த முறை அது ஒன்றுதான். மனுவையும் அந்த முறையிலேயே எழுதினேன்.

முதல் பத்தியில் வணக்கம். இரண்டாவதில் எல்லைக் காசு. மூன்றாவது பத்தி இது. எத்தனை வருஷமானாலும் ஒரு சொல்கூட எனக்கு மறக்கவில்லை:

"மேற்படி கூடுதல் கட்டணம் கொடுக்கச் சக்தியற்ற ஏழைகளாகிய நாங்கள் எல்லைக்கு முன்பாக இறங்கி, கால்நடையாய் எல்லையைக் கடந்து, பூவரச மரத்து நிறுத்தத்தில் அதே வண்டியில் மறுபடியும் ஏறி வருகிறோம். எங்களில் யானைக்கால் வியாதியால் வருந்துகிறவள் ஒருத்தி வந்து சேரும்வரை, தயவுள்ள கண்டக்டர் ஒருவர் வண்டியை நிறுத்தி வைத்து எங்களைக் காப்பாற்றி வருகிறார். அவருக்குப் புண்ணியம் உண்டாகட்டும்."

அதற்குக் கீழே, புண்ணியம் சரியான ஆளுக்குப் போய்ச் சேரட்டும் என்று, கோவிந்தனின் சட்டையில் குத்தியிருந்த பித்தளை வில்லை நம்பரையும் எழுதினேன்.

சாயந்திரம் தெருக்காரர்களைக் கூப்பிட்டு, என் வீட்டு வாசலில் நின்று படித்துக் காட்டினேன். மூன்றாவது பத்தி வந்தபோது இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. இதையும் மறைக்கக் கூடாது, பெருமையாகத்தான் இருந்தது.

பாக்கியக்கா மட்டும், "தம்பி, நம்ம எறங்கி ஏறுறத எதுக்கு எழுதிகீற?" என்று கேட்டாள்.

"நம்ம கஷ்டம் தெரிய வேணாமா அக்கா?"

"கஷ்டத்த எழுது. எறங்கி ஏறுறத எழுதாத. அது நம்ம வூட்டு சமாச்சாரம்."

செண்பகமும் உள்ளேயிருந்து, "அக்கா சொல்றது சரிதாங்க. வேணுங்கறத மட்டும் கேட்டா போதாதா?" என்றாள்.

"சாமிகிட்ட பாதி சொல்லி பாதி மறைப்போமா?" என்று கேட்டேன்.

"சாமியா வந்து டிக்கெட்டு கிழிக்குது?" என்றாள் பாக்கியக்கா. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை.

தெரிந்தவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். தெரியாதவர்கள் கைநாட்டு வைத்தார்கள். பாக்கியக்காவின் கட்டைவிரலில் மிளகாய்ச் சிவப்பு ஏறியிருந்தது. மையில் தோய்த்து எடுத்தபோதும் ஓரத்தில் அந்தச் சிவப்பு தெரிந்தது. மனுவை அம்மன் காலடியில் வைத்துக் கற்பூரம் காட்டி வாங்கிக்கொண்டு, திங்கட்கிழமை நானே போய் ஆபீஸில் கொடுத்தேன்.

எந்த ஆபீஸ் என்று எழுதவில்லை. அங்கே இருந்தவர்களும் யாரோ எழுதி வைத்த சட்டத்தைப் பார்த்து வேலை செய்தவர்கள்தான்.

பலகை இல்லாத மரம்

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு காலை, கோவிந்தன் இல்லை. வேறு கண்டக்டர். டோல்கேட்டுக்கு முன்னால் வழக்கம்போல இறங்கினோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சிரிக்கவும் இல்லை.

நடந்துபோய்ப் பார்த்தால் பூவரச மரத்தில் பலகையைக் காணோம். நாலு ஆணி அடித்த துவாரம் மட்டும் இருந்தது. பலகை இருந்த இடத்தில் பட்டை வெளுத்திருந்தது.

பஸ் வந்தது. கையைக் காட்டினோம், கத்தினோம். எங்கள் முகத்துக்கு நேரே புழுதியை வாரிவிட்டுப் போயிற்று. அடுத்த ஸ்டாப்பிங் தண்டையார்பேட்டைக்குள்ளே. அவ்வளவு தூரம்.

இளவட்டங்கள் பஸ்ஸைத் திட்டிக்கொண்டே ஓடினார்கள். எனக்குப் பின்னால் பாக்கியக்கா எல்லைக்கல்லைத் தாண்டி அப்போதுதான் வந்தாள். காலி ரோட்டைப் பார்த்தாள். மரத்தைப் பார்த்தாள்.

"வண்டி?" என்றாள்.

நான் தண்டையார்பேட்டைப் பக்கம் கையைக் காட்டினேன்.

நாலைந்து நாள் கழித்துக் கம்பெனி விலாசத்துக்கு எனக்குக் கடிதம் வந்தது. இங்கிலீஷில் டைப் அடித்திருந்தது. எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், அர்த்தம் முழுதாகப் பிடிபடாது. பெரிய குமாஸ்தாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிட்டு, "பரவாயில்லையே! உனக்கு நன்றி சொல்லியிருக்காங்கப்பா" என்றார்.

"எதுக்கு சார்?"

"மூணாவது பத்தியிலே நீ எடுத்துச் சொன்ன முறைகேட்டை இதுவரைக்கும் அவங்க கவனிக்கலையாம். அந்த ஸ்டாப்பிங்கை எடுத்தாச்சாம். வண்டியைத் தாமதப்படுத்தின கண்டக்டர் மேலயும் நடவடிக்கை எடுத்தாச்சாம்."

"எல்லைக் காசு?"

அவர் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தார். "அதைப் பத்தி ஒண்ணும் காணோமே" என்றார்.

கடிதத்தை மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தேன். செண்பகம் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு நான் விளக்கேற்றவில்லை, அவள்தான் ஏற்றினாள்.

தெருவில் யாரிடமும் சொல்லவில்லை. எல்லாரும் பஸ்காரனைத் திட்டினார்கள். அவர்களோடு சேர்ந்து நானும் திட்டினேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

உப்பு

பாக்கியக்கா சில வாரம் முழு டிக்கெட் வாங்கினாள். அந்த நாட்களில் அவள் வீட்டுக் கூரையில் ராத்திரி புகை எழவில்லை. பிறகு விடியுமுன்னே எழுந்து, எல்லையிலிருந்து அடுத்த ஸ்டாப்பிங் வரைக்கும் நடந்து பார்த்தாள். இரண்டு நாள் நடந்தாள். மூன்றாம் நாள் நெறி கட்டிக் குளிர்க் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டு அவள் போனபோது மேஸ்திரி வேறு பேரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நான் போய், "அக்கா, பஸ் காசு நான் தர்றேன். மேஸ்திரிகிட்ட சொல்லி மறுபடியும் சேர்ந்துடலாம்" என்றேன்.

"தெனம் ரெண்டணா குடுப்பியா? எத்தினி நாளைக்கு? நான் சாவுற வரிக்குமா?"

"ஆகட்டும்."

"போடா. உன் வூட்ல அடுப்பு எரிய வேணாமா? செம்பகம் பேஜாராப் பூடுவா."

எல்லை தாண்டாத இடமாக அவளுக்குக் கிடைத்த ஒரே வேலை எர்ணாவூர்ப் பக்கத்து உப்பளம். அங்கே உட்கார இடம் கிடையாது. உப்புத் தண்ணீரில் நின்று வார வேண்டும், சுமக்க வேண்டும். யானைக்காலில் தோல் வெடித்திருக்கும். அந்த வெடிப்பில் உப்புத் தண்ணீர் போனால் எப்படி இருக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை. சாயந்திரம் அவள் வரும்போது இடது காலில் உப்பு வெள்ளையாகப் பூத்து, வெடிப்புகள் மட்டும் சிவப்பாகத் தெரியும்.

ஐப்பசி மழையில் உப்பளம் மூடினார்கள். அவள் படுத்துவிட்டாள். கால் பழுத்து நாற்றம் வர ஆரம்பித்தது.

ஒரு வெள்ளிக்கிழமை அம்மன் குங்குமமும் ஒரு தொன்னை பொங்கலும் எடுத்துக்கொண்டு போனேன். அவள் தலைமாட்டில் இரண்டு வாழைப்பழத் தோல் கிடந்தது. குங்குமத்தை அவள் நெற்றியில் வைத்துவிட்டு, அந்தப் பலகையை எடுத்தது யாராலே என்று சொல்லிவிட்டேன். 

"தெரியும்" என்றாள்.

"யாரு சொன்னது?"

"கோயிந்தன் வந்துக்கினு போனான். அவனைப் பூந்தமல்லி ரூட்டுக்கு மாத்திட்டானுங்களாம். ஆபீஸுல உன் மனுவக் காட்டினானுங்களாம், 'இது உன் நம்பருதானடா'ன்னு. வேலயே போயிருக்கும், அவன் பொஞ்சாதி போயி கையக் காலப் புட்ச்சி நிறுத்திச்சாம்." சற்று மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஆனைக்கு வாழப்பழம் வாங்கியாந்தான் பாரு. இத்தினி நாளு கேட்டதுக்கு இப்பதான் குட்த்தான்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஏந்தம்பி, அந்த மூணாவது பத்தி, அத்த மறுக்கா சொல்லு."

"வேணாங்க்கா."

"சொல்லுடா. அன்னிக்கு கும்பல்ல எனக்கு சரியாக் காதுல வுழல."

சொன்னேன். காகிதம் தேவைப்படவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பக்கத்துக் கட்டிலில் அவள் புருஷன் ஒரு பக்கமாய்க் கோணிய வாயோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வியாதியால் வருந்துகிறவள்னு போட்டுகீறியே, நான் எப்படா உங்கிட்ட வந்து வருந்தினேன்?"

பொங்கல் தொன்னையை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"மத்தபடி ஷோக்காத்தான் எழுதிகீற" என்றாள். பொங்கலைத் தொடவில்லை. புருஷனுக்கு ஊட்டிவிடச் சொன்னாள். ஊட்டினேன்.

மழை முடியுமுன்னே போய்விட்டாள். அவள் புருஷனுக்குத் தெருவில் முறை வைத்துக் கஞ்சி கொடுத்தோம். தை பிறந்து சில நாள் இருந்தார்.

நான் கோயிலுக்குப் போவதை நிறுத்தவில்லை. அம்மனிடம் கோபமும் இல்லை. அவள் நான் சொன்னதெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, ஒன்றையும் எடுத்து எனக்கு எதிராய்த் திருப்பாதவள். அவளிடம் பேசுகிற மாதிரி ஓர் ஆபீஸிடம் பேசப்போனது என் புத்தி. அதற்குப் பிறகு யாருக்கும் நான் மனு எழுதிக் கொடுத்ததில்லை. கேட்டு வந்தவர்களிடம் கை நடுங்குகிறது என்று பொய் சொன்னேன்.

ஒரே டிக்கெட்

டிராம் ஓட்டம் நின்றுபோன பிறகு ஒரு நாள், எல்லைக் காசை எடுத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. தொழிலாளர் சங்கத்துக்காரர்கள் கேட்டு வாங்கியது. அச்சடித்த மனுவாம். கோரிக்கை மட்டும் இருந்ததாம், வேறு ஒன்றும் இல்லையாம்.

முதல் நாள் காலை பஸ் ஏறினேன். திருவொற்றியூரிலிருந்து ராயபுரம் வரைக்கும் ஒரே டிக்கெட். கண்டக்டர் கிழித்துக் கையில் கொடுத்தார். பஸ்ஸில் எல்லாருக்கும் சந்தோஷம். ஒருவர் எல்லாருக்கும் கற்கண்டு கொடுத்தார். நானும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன்.

டோல்கேட் வந்தது. யாரும் இறங்கவில்லை. நான் எழுந்தேன்.

"இன்னா பெரியவரே, எங்க எழுந்துக்கற? டிக்கெட்டு ராயபுரம் வரிக்கும் கீது. இனிமே எறங்கி நடக்கத் தேவையில்ல" என்றார் கண்டக்டர்.

"தெரியும்பா. இங்கே கொஞ்சம் வேலை இருக்கு."

"ஒரே டிக்கெட்டு வந்த அன்னிக்கா எறங்கி நடக்கணும்? நல்ல ஆளுய்யா நீ!" பஸ் சிரித்தது.

இறங்கினேன். எல்லைக்கல் சாய்ந்து பாதி மண்ணில் புதைந்திருந்தது. டீக்கடை பூட்டியிருந்தது. ஒரு காலை எடுத்து வைத்து, மற்றதை இழுத்து, அவள் நடக்கிற மாதிரி நடந்து பார்த்தேன். ரோட்டில் போனவர்கள் காலில் ஏதோ அடி என்று நினைத்திருப்பார்கள்.

பூவரச மரம் இருந்தது. ஆணித் துவாரங்களில் மூன்றைப் பட்டை மூடிவிட்டது. ஒன்று மட்டும் கண் மாதிரி தெரிந்தது. மஞ்சளாய் ஒரு பூ காலடியில் விழுந்து கிடந்தது. எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக என்னைத் தாண்டிப் போயின. ஒன்றும் அங்கே நிற்காது, அது எனக்குத் தெரியும். முழு டிக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, எல்லாரும் ஏறிய பிறகு திரும்பிப் பார்ப்போமே, அது போல டோல்கேட் பக்கம் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன்.